வெல்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஏன் அரிக்கிறது? எவர்சில்வரும் ஐ.ஜி.சி.யும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகளில் ஆய்வாளராக அலைந்த வருடங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களில் வெல்டர்கள் உண்டு, பர்ச்சேஸ்காரர்கள் உண்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த டிப்ளமோ பையன்கள் உண்டு. ஒரே ஒரு கேள்வி என் பெரியம்மா கேட்டது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

ஐ.ஜி.சி. என்றால் என்ன?

இன்டர்கிரானுலர் கரோஷன். தமிழில் பரலிடை அரிமானம் என்று சொல்லலாம். எந்த உலோகத்தையும் மெருகேற்றி, லேசாக அமிலம் காட்டி, நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஒரே பாளமாக இருக்காது. உப்புக்கல் குவியலை இறுக்கிப் பிடித்ததுபோல ஆயிரமாயிரம் பரல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஷெட்டில் இதைக் கிரெயின் என்பார்கள். ஒரு பரலும் அடுத்த பரலும் சேரும் கோடுதான் பரல் எல்லை. அரிமானம் பரலைத் தொடாமல் இந்தக் கோடுகள் வழியாகவே உள்ளே இறங்கினால் அது ஐ.ஜி.சி. பழைய வீட்டுச் சுவரில் செங்கல் அப்படியே இருக்க, இடையிலுள்ள காரை மட்டும் பொரிந்து கொட்டுமே, அதே கதை. எடையில் பெரிய இழப்பு இருக்காது, ஆனால் சுவர் நிற்காது.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்றுதானே வாங்குகிறோம்?

அது துருப்பிடிக்காமல் இருப்பதே குரோமியத்தின் தயவு. ஏறத்தாழ 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால், காற்றுப் பட்டவுடன் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று தானாக உருவாகிவிடும். சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினாலும் மறுபடி மூடிக்கொள்ளும். நம் ஊரில் அதிகம் புழங்கும் 304 கிரேடில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் என்ற அளவில் இருக்கும். தேவைக்கு மேலேயே இருக்கிறது என்றுதான் தோன்றும். சிக்கல் அளவில் இல்லை, அந்தக் குரோமியம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

சரி, குரோமியம் எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது தகட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது, ஆனால் கைதாகிவிடுகிறது.

எஃகில் கொஞ்சம் கார்பனும் உண்டு. சுமார் 450 டிகிரி செல்சியஸிலிருந்து 850 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் சிறிது நேரம் தங்கினால், அந்தக் கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து கார்பைடாகப் படியும். படிவதற்கு அது தேடும் இடம் பரல் எல்லை. 23 குரோமியம் அணுவுக்கு 6 கார்பன் அணு என்பது அந்தக் கார்பைடின் கணக்கு. எடையில் பார்த்தால் 1 கிராம் கார்பன் 16 கிராமுக்கும் மேல் குரோமியத்தை இழுத்துக்கொள்கிறது.

இப்போது ஒரு சின்ன கணக்கு. தகட்டில் கார்பன் 0.06 சதவீதம் என்று வையுங்கள். அது முழுவதுமே கார்பைடானாலும் பிடிபடும் குரோமியம் 1 சதவீதம்தான். 18 இருந்தது 17 ஆகிறது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த 1 சதவீதம் தகடு முழுவதிலிருந்தும் சமமாக வருவதில்லை. கார்பன் அணு சின்னது, இரும்பணுக்களின் இடுக்கில் புகுந்து ஓடிவிடும். குரோமியம் அணு பெரியது, காலி இடம் கிடைக்கும்வரை காத்திருந்துதான் அடி எடுத்துவைக்க முடியும். ரதவீதியில் தேரோட்டத்தன்று சைக்கிளில் சந்து சந்தாகப் புகுந்து போகிறவன் கார்பன். தேர் குரோமியம். ஆகவே கார்பன் தூரத்திலிருந்தெல்லாம் எல்லைக்கு வந்து சேர்கிறது. அதற்கு வேண்டிய குரோமியமோ எல்லையை ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் குறைந்த அகலமுள்ள ஒரு கீற்றிலிருந்து மட்டும் உருவப்படுகிறது. அந்தக் கீற்றில் குரோமியம் 12 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் படலம் அங்கே அமிலத்தின் முன் நிற்காது. அமிலம் வந்தால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். இந்த நிலைக்கு வந்த எஃகைத்தான் 'சென்சிடைஸ்' ஆகிவிட்டது என்கிறார்கள்.

இந்த விளக்கத்தை 1933-இல் எட்கர் பெயினும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் தெளிவாக எழுதிவைத்தார்கள். எஃகில் பெய்னைட் என்று ஓர் அமைப்பு உண்டே, அது இவர் பெயரில்தான்.

எவ்வளவு நேரம் சூடானால் ஆபத்து?

கார்பனைப் பொறுத்தது. 700 டிகிரி சுற்றுவட்டாரத்தில் 0.06, 0.08 சதவீதம் கார்பன் உள்ள தகட்டுக்குச் சில நிமிடங்களே போதும், சில சமயம் அதுகூட வேண்டாம். 0.03-க்குக் கீழே என்றால் மணிக்கணக்கு ஆகும். 850-க்கு மேலே கார்பைடு நிலைக்காது, போகப் போகக் கரைந்துவிடும். 450-க்குக் கீழே எதுவும் நகர முடியாத மந்தம். நடுவில் மாட்டிக்கொள்வதுதான் பிரச்சினை.

வெல்டிலேயே அரிக்காமல் அதற்குப் பக்கத்தில் அரிப்பது ஏன்?

ஒரு ரசாயனக் கூடத்தில் நீர்த்த நைட்ரிக் அமிலத் தொட்டி ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். 8 மி.மீ. தகடு, 304. போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. உள்ளே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். வெல்டு மணியாக இருந்தது, குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் அதன் இரண்டு பக்கமும், அரை விரல் தள்ளி, வெல்டுக்கு இணையாக ஒரு மங்கலான சாம்பல் பட்டை தண்டவாளம்போலக் கூடவே ஓடியது. ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினேன். மாவு மாதிரி கொட்டியது. விரலில் தேய்த்தால் நறநறத்தது. ஒவ்வொன்றும் ஒரு முழுப் பரல்.

காரணம் இதுதான். வெல்டை ஒட்டிய இடம் 1,000 டிகிரிக்கு மேலே போய்ச் சட்டென்று ஆறிவிடுகிறது, கார்பைடுக்கு அவகாசமே இல்லை. தூரத்தில் இருக்கும் தகடு சூடாவதே இல்லை. நடுவில் ஒரு பட்டை மட்டும் 600, 700, 800 என்று ஏறி அங்கேயே தங்கித் தங்கி ஆறுகிறது. தடித்த தகட்டில் பாஸ் மேல் பாஸ், அதாவது வெல்டை அடுக்கடுக்காக, போடும்போது அந்தப் பட்டை ஒவ்வொரு முறையும் அதே சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெல்டு உலோகத்தில் சில சதவீதம் ஃபெரைட் என்ற வேறு படிக அமைப்பு இருப்பதும் வெல்டுக்கு ஒரு பாதுகாப்பு. இதற்கு வெல்டு டீகே என்று பெயர். வெல்டரைத் திட்டிப் பயனில்லை. தவறு தகடு வாங்கிய நாளிலேயே நடந்துவிட்டது.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

அரிப்பதற்கு முன்னால் முடியாது. சென்சிடைஸ் ஆன தகடும் ஆகாத தகடும் ஒரே பளபளப்பு. நன்றாக அரித்த பிறகு ஓர் அடையாளம் உண்டு: சுண்டினால் உலோகத்துக்குரிய கணீர் வராது, விரிசல் விட்ட பானையைத் தட்டியதுபோலச் செத்த ஓசை வரும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். குழாய் வெல்டிங்கில் உள்பக்கம் ஆர்கான் வாயு செலுத்தாமல் போட்டால் ரூட்டில், அதாவது வெல்டின் உள்பக்க அடியில், கருப்பாகச் சர்க்கரைப் பாகு பூத்ததுபோல வரும், ஷெட்டில் 'சுகரிங்' என்பார்கள். அது காற்றில் வெந்த ஆக்சைடு. அதுவும் கெட்டதுதான், ஆனால் அது ஐ.ஜி.சி. இல்லை. கடற்கரையோரக் கைப்பிடிகளில் வரும் பழுப்புக் கறையும் இல்லை. அது கடல் உப்பின் வேலை.

எக்ஸ்.ஆர்.எஃப். துப்பாக்கி வைத்துச் சோதித்தோம், 304எல் என்று காட்டியது. போதாதா?

எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோகத்தில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும் கருவி அது. போதாது, இரண்டு காரணங்களுக்காக. முதலாவது, அந்தக் கைத்துப்பாக்கிக்குக் கார்பனே தெரியாது. கார்பன் உமிழும் எக்ஸ் கதிர் அவ்வளவு பலவீனம், கருவிக்குள் வந்து சேர்வதற்குள் காற்றிலேயே தீர்ந்துவிடும். 304-க்கும் 304எல்-க்கும் உள்ள முக்கிய வித்தியாசம் கார்பன் மட்டும்தான், 'எல்' என்றால் அது குறைவு. ஆக, திரையில் 'எல்' என்று வருவது கருவியின் ஊகம். கார்பன் வேண்டுமென்றால் ஸ்பார்க் முறையிலோ லேசர் முறையிலோ அளக்கும் கருவி வேண்டும். இல்லையென்றால் ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. எந்தக் கருவி வைத்தாலும் அது சொல்வது சராசரி. கைதான குரோமியமும் தகட்டுக்குள்ளேயே இருப்பதால் கெட்டுப்போன தகட்டிலும் 18 சதவீதம் என்றுதான் காட்டும். அந்தக் குரோமியம் ஏட்டுச் சுரைக்காய். மில்லை விட்டு வந்த பிறகு தகடு என்ன சூட்டைப் பார்த்தது என்பது மில் சர்டிபிகேட்டில் வராது.

304எல் வாங்கினால் கவலையில்லையா?

வெல்டிங்கைப் பொறுத்தவரை பெரும்பாலும் இல்லை. கார்பன் 0.03 சதவீதம்தான் உச்சம். வெல்டிங்கின் சில நிமிடச் சூட்டில் கார்பைடு படிய நேரம் போதாது. 6 மி.மீ.க்கு மேல் தடிமன், வெல்டு உண்டு, உள்ளே அமிலம் என்றால் 'எல்' கேளுங்கள், விலையில் வாதம் செய்யாதீர்கள் என்பது என் பழக்கம். வெல்டு கம்பியும் 308எல் ஆக இருக்கட்டும். இப்போது சந்தையில் வரும் தகடுகளில் பல 304/304எல் என்று இரட்டைச் சான்றோடுதான் வருகின்றன. கார்பன் எல்-க்கு உட்பட்டு, பலம் 304-க்கு ஈடாக இருக்கும்.

இது ஒரு காலத்தில் ஆடம்பரம். உருக்கிய எஃகில் ஆக்சிஜன் ஊதிக் கார்பனை எரிக்கப் போனால் கூடவே குரோமியமும் எரிந்து கசடில் போய்விடும். அதனால் குறைந்த கார்பன் எஃகு விலை அதிகம். ஆக்சிஜனோடு ஆர்கானையும் கலந்து ஊதினால் கார்பன் மட்டும் முந்திக்கொண்டு எரியும் என்று கண்டுபிடித்து, 1968-இல் அமெரிக்காவில் முதல் வணிக உலையை ஓட்டினார்கள். ஏ.ஓ.டி. என்று சொல்வது அதைத்தான். அதன்பிறகு 'எல்' சாதாரணச் சரக்காகிவிட்டது. சேலம் உருக்காலையின் உருக்குக் கூடத்திலும் இந்த ஏ.ஓ.டி.தான்.

321, 347 எல்லாம் எதற்கு?

அதுவும் இதே நோய்க்கு இன்னொரு மருந்து. கார்பனைக் குறைக்காமல், அதற்குக் குரோமியத்தைவிடப் பிடித்தமான துணையைக் கொடுத்துவிடுவது. 321-இல் டைட்டானியம், 347-இல் நியோபியம். 321-ஐ வெல்டு செய்யக் கம்பி 347 எடுப்பார்கள். டைட்டானியம் ஆர்க்கில் எரிந்து வீணாகிவிடும் என்பதால்.

இந்த மருந்துக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. வெல்டை ஒட்டிய மெல்லிய கோட்டில் சூடு 1,200 டிகிரியைத் தாண்டும்போது டைட்டானியம் கார்பைடும் கரைந்துவிடுகிறது. சட்டென்று ஆறும்போது மறுபடி சேர நேரமில்லை, கார்பன் அனாதையாக நிற்கிறது. பிறகு அதே இடம் 600, 650 டிகிரி சூட்டைப் பார்த்தால் கார்பன் குரோமியத்தோடு போய்விடும். அரிப்பு வெல்டை ஒட்டிக் கத்தியால் கீறிய மாதிரி வரும். நைஃப்லைன் அட்டாக் என்று பெயரே அதனால்தான். வெல்டு டீகே தள்ளி வரும், இது ஒட்டி வரும். தோல்வியடைந்த துண்டைப் பார்க்கும்போது முதலில் இந்த இடைவெளியைத்தான் பார்ப்பேன்.

அப்படியென்றால் கார்பன் அதிகமுள்ள 304எச்-ஐ ஏன் இன்னும் விற்கிறார்கள்?

உயர் வெப்பத்தில் கார்பன்தான் பலம். 540 டிகிரிக்கு மேல் அழுத்தம் தாங்க வேண்டுமென்றால் வடிவமைப்பு விதிநூல்களே குறைந்தது 0.04 சதவீதம் கார்பன் கேட்கின்றன. திருச்சி வட்டாரத்தில் கொதிகலன் வேலை செய்தவர்களுக்கு 304எச், 347எச் குழாய்கள் பழகியவை. அங்கே குழாய் ஓடும் சூட்டிலேயே சென்சிடைஸ் ஆகிவிடும். ஆனாலும் சூடாக, உலர்ந்து இருக்கும்வரை அரிக்க நீர் கிடையாது.

ஆபத்து ஆலையை நிறுத்தும்போது வருகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் குழாயின் உட்புறம் சல்ஃபைடு படிந்திருக்கும். திறந்ததும் காற்றும் ஈரமும் சேர்ந்து அதைப் பாலிதயானிக் அமிலமாக்கும். சென்சிடைஸ் ஆன எஃகு அதில் பரல் எல்லை வழியாகப் பிளந்துவிடும். அதனால்தான் திறப்பதற்கு முன் சோடா ஆஷ் கரைசலால், வழக்கமாக 2 சதவீதம், கழுவுகிறார்கள், அல்லது நைட்ரஜனை நிரப்பிக் காற்றே படாமல் வைக்கிறார்கள். ஓடும்போது பத்திரம், ஓய்வில் ஆபத்து.

ஐ.ஜி.சி. டெஸ்டில் ஏ, பி, சி, ஈ என்கிறார்களே, எதைக் கேட்பது?

எல்லாம் ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் ஏ262 என்ற தரநிலைக்குள் வரும் முறைகள்.

ஏ என்பது வடிகட்டி. 10 சதவீத ஆக்சாலிக் அமிலத்தில் ஒன்றரை நிமிடம் மின்சாரம் பாய்ச்சி நுண்ணோக்கியில் பார்ப்பது. பரல்களுக்கிடையே படிக்கட்டு மட்டும் தெரிந்தால் தேர்ச்சி. ஒரு பரலாவது முழுக்கப் பள்ளத்தால் சூழப்பட்டிருந்தால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். ஏ முறையில் பாஸ் போடலாம், அதை மட்டும் வைத்து ரிஜெக்ட் செய்யக் கூடாது. எத்தனை லாட் இந்த ஒரு வரி தெரியாமல் திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்!

ஈ தான் நம் ஊரில் அதிகம். செம்புத் துகளுக்குள் புதைத்து, செம்பு சல்ஃபேட்டும் கந்தக அமிலமும் கொதிக்கும் கரைசலில் குறைந்தது 15 மணி நேரம். பிறகு எடுத்து மடக்க வேண்டும். மடக்கிய முதுகில் வெடிப்புத் தெரியாவிட்டால் நல்லது. சி என்பது ஹூயி முறை: கொதிக்கும் 65 சதவீத நைட்ரிக் அமிலம், 48 மணி நேரம் வீதம் 5 தடவை, ஒவ்வொரு தடவையும் எடை பார்க்க வேண்டும். 10 நாள் ஆகும். தொட்டிக்குள் நைட்ரிக் அமிலம் போகப்போகிறது என்றால் மட்டும் கேளுங்கள். மாலிப்டினம் உள்ள 316எல் இதில் கார்பைடே இல்லாமலும் தோற்கும். பி முறை ஃபெரிக் சல்ஃபேட், 120 மணி நேரம்.

எந்த முறை என்பதைவிட முக்கியமான ஒன்று: எல் கிரேடுகளையும் 321, 347-ஐயும் வந்தபடியே சோதித்தால் எதுவும் தெரியாது. 675 டிகிரியில் 1 மணி நேரம் வேண்டுமென்றே சூடாக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கார்பன் ஸ்டீல் வெசலோடு சேர்த்து ஸ்ட்ரெஸ் ரிலீவிங் போடலாமா?

போடாதீர்கள். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் என்பது வெல்டு விட்டுச்சென்ற இழுவிசையைத் தணிக்க உலையில் சூடாக்குவது. கார்பன் ஸ்டீலுக்கு நல்லது செய்யும் 600, 650 டிகிரியும் 1, 2 மணி நேரமும் 304-க்கு நேராக ஆபத்தின் நடுமத்தி. வெசலில் ஒட்டியிருந்த 304 நாசில் (குழாய் இணைக்கும் வாய்) ஃபர்னஸுக்குள் போய்க் கெட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். வெல்டிங் எல்லாம் ஒழுங்காக நடந்த பிறகு, ஹீட் டிரீட்மென்ட் என்ற நல்லெண்ணத்தில் கெடுத்த வேலை. முடிந்தால் நாசிலை உலைக்குப் பிறகு பொருத்துங்கள், முடியாவிட்டால் எல் கிரேடோ 347-ஓ போடுங்கள். கேஸ் டார்ச்சால் சூடாக்கி நெளிவெடுப்பதும் இதே வகைதான்.

கெட்டுப்போனதைச் சரிசெய்ய முடியுமா?

இன்னும் அரிக்கவில்லை என்றால் முடியும். 1,050 டிகிரிக்கு மேலே கொண்டுபோய்க் கார்பைடைக் கரைத்து, தண்ணீரில் சட்டென்று ஆற்ற வேண்டும். உலையில் போகும் அளவுள்ள ஃபிட்டிங்குக்குச் சரி. கட்டி நிறுத்திய தொட்டியை என்ன செய்வது? சூட்டிலேயே அப்பளமாக நெளிந்துவிடும். போடுவதற்கு முன் எண்ணெய், பெயின்ட், மார்க்கர் மையெல்லாம் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதிலிருக்கும் கார்பனும் மேற்பரப்பில் ஏறிக்கொள்ளும்.

பிக்லிங் பேஸ்ட் தடவினால் சரியாகுமா என்றும் கேட்பார்கள். ஆகாது. அது மேலே இருக்கும் நிறமாற்றத்தை எடுக்கும். சென்சிடைஸ் ஆன தகட்டில் அதிலிருக்கும் நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலங்களே பரல் எல்லையைத் தின்ன ஆரம்பிக்கும்.

430 போன்ற நிக்கல் இல்லாத வகைக்கும் இதே விதியா?

தலைகீழ். அங்கே சுமார் 925 டிகிரிக்கு மேல் போய் ஆறினாலே கெட்டுவிடும், தண்ணீரில் போட்டாலும் தப்பாது. 700, 800 டிகிரியில் வைத்தால் குணமாகும், அந்த வகையின் படிக அமைப்பில் குரோமியம் வேகமாக நகர்ந்து, குறைந்துபோன கீற்றை நிரப்பிவிடும் என்பதால். 304-இன் நோய் 430-க்கு மருந்து.

அணுமின் நிலையங்களில் இது பெரிய விவகாரமாமே?

ஆமாம். 1970-களில் அமெரிக்காவில் கொதிநீர் உலைகளின் 304 குழாய்களில், வெல்டுக்குப் பக்கத்தில், பரல் எல்லை வழியாக விரிசல்கள் வந்தன. உள்ளே ஓடியது அமிலம்கூட இல்லை, ஆக்சிஜன் கரைந்த சுத்தமான சூடான நீர். சென்சிடைஸ் ஆன பட்டை, வெல்டு விட்டுச்சென்ற இழுவிசை, அந்த நீர் என்று மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிட்டன. பிறகு கார்பனைக் குறைத்து, இழந்த பலத்தை நைட்ரஜனால் ஈடுகட்டிய வகைகள் வந்தன. கல்பாக்கத்து முன்மாதிரி வேக ஈனுலையின் முதன்மைக் கலனுக்கு 316எல்என் எடுத்ததிலும் அதே யோசனைதான், அந்த 'என்' நைட்ரஜன்.

எரிபொருள் மறுசுழற்சியில் இன்னொரு விசித்திரம் உண்டு. கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தில் ஆக்சிஜனேற்றும் அயனிகளும் சேர்ந்தால், கார்பைடே இல்லாத நல்ல 304எல்-இலும் பரல் எல்லை அரிக்கும். அங்கே குற்றவாளி பாஸ்பரஸ், சிலிக்கான் போன்றவை. அதனால் அவற்றையும் கட்டுப்படுத்திய நைட்ரிக் அமிலக் கிரேடு என்று தனியாகவே ஒன்று இருக்கிறது.

ரசம் வைக்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்கும் இது வருமா?

பெரியம்மாவின் கேள்வி. வராது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். மறந்துபோய் வற்றவிட்டுச் சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும், மெல்லிய தகடு சீக்கிரம் ஆறிவிடும், புளிக்கு அந்தப் பலமும் கிடையாது. பெரியம்மாவின் பாத்திரத்து அடியில் குண்டூசித் தலையளவில் இருந்த கரும்புள்ளிகள் வேறு சமாச்சாரம். குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டுக் கலக்காமல் விட்டால், உப்பு உட்கார்ந்த இடம் அப்படிக் குழி விழும். தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போடச் சொன்னேன். "அம்பது வருஷமா முதல்லதான்டா போடறேன்" என்றாள்.